நீந்தத் தெரிந்தவர்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புன்னக்காயல் மீனவர். வெயிலில் கருத்த அகன்ற தோள், கழுத்தில் ஈரத் துண்டு. அதை அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாகவே இருந்தார். இரண்டு பேருக்கும் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிடலாம், இல்லையென்றால் கரண்டு என்கிற கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துப் பார்க்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்று டாக்டர் இருவரிடமும் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு யோசனை கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோயிருந்தேன்.

“என்ன முடிவு பண்ணியிருக்கிய, அண்ணாச்சி?” என்றேன்.

“கரண்டுதான்.”

“பேச்சுப் போயிருமேன்னா?”

“பேச்சு கெடக்கட்டும். ஆபரேசன் பண்ணுனா கழுத்துல ஓட்டை போட்டு, அது வழியாத்தான் மூச்சு விடணுமாம். தண்ணிக்குள்ள எறங்கவே கூடாதுன்னுட்டாவ. அது நமக்கு ஆவாது.”

“இன்னும் கடலுக்குப் போறியளா?”

“எங்க போவ? மூட்டுவலி. வள்ளத்துல ஏறியே ரொம்ப வருசமாச்சு.”

“பெறவு என்ன?”

அவர் துண்டைச் சுற்றிக்கொண்டார். “விழுந்தா நீந்திருவோம்ங்கற தைரியத்துலதான அண்ணாச்சி, இம்புட்டு நாளும் கரையில நிக்கேன்.”

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். ஆனாலும் பஸ் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் என் கை தானாகவே கழுத்து ஓட்டையைப் பொத்திக்கொள்கிறது. பொத்தினால் மூச்சு விட முடியாது என்பது அப்புறம்தான் உறைக்கிறது.