நுசி ஊரின் தத்துப் பிள்ளைகள்

அப்பா இறந்த வாரத்தில் நான் ஹுரியர்களைப் பற்றிய பாடக்குறிப்பை எழுதி முடிக்க வேண்டியிருந்தது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முதுகலை மாணவர்களுக்குப் பண்டைய மேற்காசியா என்று ஒரு தாள் உண்டு. எகிப்துக்கும் பாபிலோனுக்கும் தமிழில் ஏதாவது கிடைத்துவிடும். ஹுரியர்களுக்கு நானாக ஆங்கிலத்தில் படித்து எழுதினால்தான் உண்டு. இன்றைய சிரியாவின் வடக்கிலும் ஈராக்கின் வடக்கிலும் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மிதன்னி என்ற பேரரசை வைத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு பக்கம் ஹிட்டைட்டுகள், ஒரு பக்கம் அசிரியர்கள், தெற்கே எகிப்து. அவர்களுடைய தலைநகரம் எந்த மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறது என்று இன்றைக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாணவர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. மிதன்னி அரசன் ஹிட்டைட் அரசனோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன் பெயர்கள் வருகின்றன அல்லவா, அது மட்டும் போதும். போட்டித் தேர்வில் கேட்பார்கள்.

எனக்குப் பிடித்தது நுசி. கிர்குக் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஊர். ஹுரியர்கள் வாழ்ந்த ஊர்தான், ஆனால் எழுதியது அக்காடிய மொழியில். களிமண் பலகைகளில் வழக்கு, கல்யாணம், நிலம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் நிறையத் தத்து ஒப்பந்தங்கள். நிலத்தை நேரடியாக விற்பதற்குப் பதிலாக, வாங்குகிறவனையே மகனாகத் தத்தெடுத்து, பாகம் பிரித்துக் கொடுத்ததாக எழுதிக்கொள்வார்கள். ஒரே பணக்காரர் ஊரில் எத்தனையோ பேருக்கு மகன். ஆனால் உண்மையான தத்தும் இருந்தது. பிள்ளை இல்லாத ஒருவர் இன்னொருவரின் பிள்ளையை எடுத்துக்கொள்வது.

நான் அப்படிப் போனவன்தான். ஏழு வயதில் என்னைப் பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். இலஞ்சியில் அவருக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன, பிள்ளை இல்லை. தென்காசியில் என்னைப் பெற்றவருக்கு மூன்று ஆண்பிள்ளைகள், நான் நடுவில். டவுன் பஸ்ஸில் பத்து நிமிடத் தூரம். அன்றிலிருந்து பெரியப்பா அப்பா ஆனார், பெற்றவர் சித்தப்பா ஆனார். ஆரம்பத்தில் வாய் தவறி அவரை அப்பா என்று கூப்பிட்டால் அவரே திருத்துவார். “சித்தப்பான்னு சொல்லுலே.” சில மாதத்தில் பழகிவிட்டது.

இலஞ்சி அப்பா நல்லவர். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, படிப்புக்கு எது கேட்டாலும் மறுத்ததில்லை. மடை திறந்தது, உரம் போட்டது, தேங்காய் வெட்டியது என்று என்னிடம் பேசுவார். வேறு எதையும் நாங்கள் பேசிக்கொண்டதாக நினைவில்லை. இலஞ்சி அம்மா இறந்த பிறகு அதுவும் குறைந்தது. கடைசி இரண்டு வருடம் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். காலையில் கஞ்சி ஊட்டி, வேட்டி மாற்றிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவேன். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று தெருவில் சொன்னார்கள். நான் எந்த வெறுப்பும் இல்லாமல்தான் செய்தேன். வேறு என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் இறந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே சாரல். நுசியின் தத்து ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். தந்தை உயிரோடு இருக்கும்வரை மகன் உணவும் உடையும் தர வேண்டும், இறந்தால் அழுது அடக்கம் செய்ய வேண்டும். பேனாவை வைத்துவிட்டு இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். “அழுது” என்ற இடத்தில் துக்கம் காப்பது என்பதுதான் பொருளாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதிலும் அழுவது என்றுதான் இருந்தது. அப்படியே எழுதிவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

புதன்கிழமை காலையில் அவருக்குக் காப்பி கொண்டுபோன என் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “ஏங்க, இங்கன வாங்க. சீக்கிரம் வாங்க.”

மூச்சு இல்லை. டாக்டருக்கு போன் செய்தேன், சித்தப்பாவுக்குச் செய்தேன், கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். குரல் சாதாரணமாகவே இருந்தது.

வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் மாரடித்து அழுதார்கள். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து நான் தலைமாட்டில் நின்றேன். சித்தப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். செத்துக் கிடப்பது அவருடைய ஒரே அண்ணன். அவர் கண் சிவந்திருந்தது.

“ஏலே, கொஞ்சம் அழு. நாலு பேரு பாக்குதாவ.”

முயன்று பார்த்தேன். அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளை நினைத்தேன். வாயோரத்தில் கஞ்சி வழிந்ததை நினைத்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். “பாவம், தாங்கமாட்டாம நிக்கான்” என்று யாரோ சொன்னது கேட்டது. துண்டுக்குள் சலவை சோப்பு மணத்தது.

கொள்ளி வைத்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குற்றாலத்தில் குளிக்கப் போனோம். சீசன் நேரம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு மெயின் அருவிக்குள் போய் நின்றேன். தண்ணீர் தோளில் அறைந்தது. சத்தம் மட்டும்தான் கேட்டது, குளிர் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டு, “அண்ணாச்சி, போதும் வாங்க, பின்னால ஆளு நிக்கி” என்றார்.

சித்தப்பா மேலே படியில் என் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டை நீட்டினார்.

“குளிருதா?”

“இல்ல.”

அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஒன்ன இலஞ்சில விட்டுட்டு வந்த அன்னைக்கு நீ அழுவேன்னு நெனச்சேன். தெரு முக்குல நின்னு பாத்தேன். அழுதா திருப்பிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருந்தேன். நீ அழல.”

“பத்திரம் எதுவும் எழுதினீங்களா?” என்று கேட்டேன்.

“பத்திரம் எதுக்கு? அண்ணன் கேட்டாவ, குடுத்தேன்.”

“நீங்க அழுதீங்களா?”

“பஸ்ல.” துண்டை வாங்கிப் பிழிந்தார். “கண்டக்டர் டிக்கெட் கேக்காமலே போயிட்டான்.”

அடுத்த வாரம் நுசியை நடத்தினேன். இரண்டாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். “சார், அந்தப் பையன் அழலேன்னா?”

“ஒப்பந்தத்தை மீறினா தண்டம் உண்டு. அழாததுக்குன்னு தனியா எதுவும் நான் படிச்சதில்ல.”

“அப்ப அத ஏன் சார் எழுதி வைக்கணும்?”

“பெத்த பிள்ளைன்னா எழுத வேண்டாம். இது தத்து. சந்தேகம் இருந்திருக்கும்.”

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். சரியான பதில்தானா என்று எனக்குத் தெரியாது. மித்திரன் வருணன் கேள்வி கண்டிப்பாக வருமா என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். வரும் என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் தென்காசிக்குப் போகிறேன். சித்தப்பா என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறார். முட்டுவலியைப் பற்றிச் சொல்வார், டிவி ஓடும். போன ஞாயிறு திடீரென்று கேட்டார், “இப்ப என்ன பாடம் நடத்துதே?”

ஹுரியர்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.

“அந்த ஆளுகள்லாம் இப்ப எங்கன இருக்காங்க?”

“யாரும் இல்ல. அசிரியர், மத்தவங்களோட கலந்துட்டாங்க. பாஷையும் போச்சு.”

“சண்டையில செத்துட்டாங்களோ?”

“கொஞ்சம் பேரு. மத்தவங்க பேரு மாறி அங்கனயே இருந்திருப்பாங்க.”

அவர் டிவி பக்கம் திரும்பினார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மதினி உள்ளேயிருந்து சொன்னாள். சரி என்று நான் கை கழுவ எழுந்தேன்.