இரண்டேகால் கேட்டவளுக்கு இரண்டரை

ஜோசப்பினுக்குச் சரியான அளவு என்ற ஒன்றில் நம்பிக்கை கிடையாது. சரியான அளவு என்றால் அடுத்த வருடம் போதாமல் போகிற அளவு, அவ்வளவுதான். ஒன்ராறியோவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்த காலத்தில் மகள் நடாஷாவுக்கு அவள் வாங்கிய முதல் குளிர் ஜாக்கெட் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும் நாளுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையை மடித்துத் தைத்தும், பிள்ளை பீடத்தடியில் தடக்கி விழுந்துவிடுவாளோ என்று பூசை முடியும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தின் நுனிக்குள் கடதாசி அடைத்திருக்கும். யாராவது கேட்டால், வளருகிற பிள்ளைதானே என்பாள்.

பிள்ளை வளர்ந்து, தாதிப் படிப்பை முடித்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மலை ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கும் போய்விட்டாள். ஜோசப்பின் இப்போது இருக்கிற மல்வேர்னிலிருந்து போகிற பொதிக்குள் கையுறை மட்டும் இன்னும் மகள் சொன்னதைவிட ஒரு அளவு பெரிதாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த மலை ஊர்தான் ஜோசப்பினின் நித்திரையைத் தின்றது. போன கையோடு நடாஷா அங்கே பனிமேல் ஓடுகிற பழைய ஸ்னோமொபீல் வண்டி ஒன்றை வாங்கிவிட்டாள். ஒன்ராறியோவின் தட்டையான பாதைகளில் ஓடுகிற சாதி இல்லை அது. மலைச்சரிவில், இடுப்பளவு பனியில் ஏறுவதற்கென்றே செய்தது. "சின்ன மலைதான் அம்மா. நாலு பேர் சேர்ந்துதான் போறம், டோன்ற் வொறி" என்பாள். அந்தச் சின்ன மலையைப் பிடித்துக்கொண்டுதான் ஜோசப்பின் ஒரு பனிக்காலத்தைக் கடத்தினாள்.

அவளுக்கு அந்த மிசின் புதிதும் அல்ல. அவள் வேலை செய்தது அதற்கான உதிரிப்பாகங்களை அனுப்புகிற ஒரு வெயார்ஹவுஸில். விடிய எழும்பி, பஸ் பிடித்துப் போய், ஸ்கானரைக் கையில் கட்டிக்கொண்டு, தட்டுத் தட்டாக நடந்து கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பாள். பிழையாக எடுக்கிறவள் என்று அவளைப் பற்றி இதுவரை ஒருவரும் முறையிட்டதில்லை. கம்பெனிக்கு எடுக்கும்போது அவளுக்கு அளவு அளவுதான். மகளுக்கென்று வந்தால்தான் வியாதி.

இந்தமுறை பனி விழத் தொடங்கியதும் நடாஷாவிடமிருந்து அழைப்பு வந்தது. வண்டியின் அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டி, அதுதான் ட்ராக், பழுதாகிவிட்டது. பனியைப் பிடித்துத் தள்ளுகிற பற்கள் பாதி கிழிந்து போயின.

"உங்கட இடத்தில ஸ்ராஃப் டிஸ்கவுன்ற் இருக்கெல்லே அம்மா, ஒண்டு எடுத்து அனுப்புங்கோவன். நீளம் நூற்றைம்பத்தைஞ்சு இஞ்ச். பல்லின்ர உயரம் இரண்டேகால். மாத்தி அனுப்பிப் போடாதேங்கோ, ப்ளீஸ்."

"எனக்கென்ன விசரே மாத்தி அனுப்ப?" என்றாள் ஜோசப்பின்.

மறுநாள் ட்ராக் அடுக்கிய தட்டின் முன்னால் போய் நின்றாள். ஒரே நீளம், ஒரே அகலம். பல்லின் உயரம் மட்டும் இரண்டேகால், இரண்டரை, மூன்று என்று வரிசையாக ஏறியது. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்த றோயைக் கூப்பிட்டாள். அவளைப்போல அவரும் மன்னார்ப் பக்கத்து ஆள், ஸ்னோமொபீல் பைத்தியம்.

"அண்ணை, பல்லு உயரமெண்டா என்ன நன்மை?"

"ஆழமான பனியில தாழாமல் இழுத்துக்கொண்டு போகும்" என்றார் றோய், வண்டியை நிறுத்தாமலே.

அவ்வளவு போதும். தாழாது என்ற சொல் காதில் விழுந்த பிறகு இரண்டேகாலை யார் எடுப்பார்கள்? மூன்று இஞ்ச் ட்ராக்கையும் தடவிப் பார்த்தாள். அது கொஞ்சம் கூடத்தான் என்று அவளுக்கே பட்டது. இரண்டரையை எடுத்தாள். வீட்டில் கணவர் றிச்சர்ட், "கேட்டதை அனுப்பினால் கை முறிஞ்சு போகுமே?" என்றார். "உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் வாயை அடைத்துவிட்டுப் பெட்டியை அனுப்பினாள்.

பெட்டி போய்ச் சேர்ந்தது. நடாஷா அளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "போட்டாச்சு அம்மா. சனிக்கிழமை ஓடிப் பாக்கப் போறம். சின்ன மலைதான். அங்க சிக்னல் இராது, பின்னேரம் எடுக்கிறன்." பிள்ளை கவனிக்கவில்லை என்று ஜோசப்பினுக்கு உள்ளூரச் சந்தோஷப் புளுகம்.

சனிக்கிழமை அவளுக்கு ஓவர்ரைம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர், யாரோ திருப்பி அனுப்பிய ட்ராக் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு றோய் சிரித்தார். பற்களின் நுனியெல்லாம் நாய் குதறியதுபோல இருந்தன.

"பாத்தியே பிள்ளை, பெரிசு நல்லதெண்டு ஒருத்தர் வாங்கிப் போட்டிருக்கிறார். அவரின்ர மிசினுக்குள்ள பட்டிக்கு மேல இடம் காணாது. பல்லு மேல முட்டி முட்டி, எஞ்சினைக் குளிராக்கிற குழாயிலயும் ஓட்டை விழுந்திருக்கும். தண்ணி போனா எஞ்சின் கொதிச்சு நிண்டிடும். நல்லகாலம், வீட்டுக்குக் கிட்ட நிண்டிருக்கு. மலையில நிண்டிருந்தா ஆளின்ர கதை முடிஞ்சிருக்கும்."

ஜோசப்பின் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் அப்படியே குந்திவிட்டாள்.

"அண்ணை, இரண்டேகால் கேட்டவளுக்கு நான் இரண்டரை அனுப்பிப்போட்டன்."

றோயின் சிரிப்பு நின்றது. "ஆருக்கு?"

"என்ர மகளுக்கு. இப்ப மலையில நிக்கிறாள்."

"மிசினோட முதல் வந்த பட்டியின்ர பல்லு என்ன உயரம்?"

"தெரியாது."

"எந்த வருசத்து மிசின்?"

"தெரியாது அண்ணை!"

"அப்ப ஒண்டும் சொல்லேலாது. சில மிசினுக்கு இரண்டரை வலு சுகமாய்க் கொள்ளும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு 'சில' மட்டும்தான் கேட்டது.

நடாஷாவின் தொலைபேசி குரல்பதிவுக்குப் போனது. மறுபடி எடுத்தாள், மறுபடி போனது. கழிவறைக்குள் நின்று செபமாலையை உருட்டினாள். பாதியில் எந்த மணியில் நிற்கிறோம் என்று மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினாள். பஸ்ஸில் வரும்போது கண்ணாடிக்கு வெளியே சும்மா தூறிய பனிகூட அவளை வெருட்டியது. தெரிந்த சாமானைத் தெரிந்தே மாற்றி எடுத்த கை இது என்று தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் றிச்சர்ட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. இருவரும் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அங்கே மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் இருட்டும் என்று அவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார்.

சோறு ஆறிப்போன பிறகுதான் தொலைபேசி அடித்தது.

"ஹாய் அம்மா! என்ன, இவ்வளவு மிஸ்ட் கோல்?"

ஜோசப்பின் ஓவென்று அழுதாள். அழுதபடியே சொன்னாள், "பிள்ளை, உந்த மிசினை இனித் தொடாதை. நீ கேட்டதை நான் அனுப்பேல்லை. ஒரு சைஸ் பெரிசா அனுப்பிப்போட்டன்."

மறுமுனையில் நடாஷா சிரித்தாள்.

"தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"என்ர மிசினுக்கு இரண்டரைதான் வேணும். இரண்டரை எண்டு கேட்டா நீங்கள் மூண்டு அனுப்புவீங்கள். அதுதான் ஒண்டு குறைச்சு இரண்டேகால் எண்டு சொன்னனான். சொன்னபடி அனுப்பியிருந்தாலும் ஓடும், கொஞ்சம் புதையும், அவ்வளவுதான். பெர்ஃபெக்ற்றா இருக்கு அம்மா. விபரம் தெரிஞ்ச நாளில இருந்தே எல்லாத்தையும் உங்களுக்கு ஒரு சைஸ் குறைச்சுத்தானே சொல்லுறனான்."

றிச்சர்ட் வாய்விட்டுச் சிரித்தார். ஜோசப்பினும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கள்ளி, எத்தனை வருடமாகத் தன்னை மடக்கி வைத்திருக்கிறாள்! கோபம்கூட வந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையோடு கோபிப்பது எவ்வளவு சுகம்.

பிறகு அவளுக்குச் சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லாத்தையும் என்றல்லவா சொன்னாள்.

"நடாஷா."

"ம்?"

"நீ சொல்லுற அந்தச் சின்ன மலை…"

றிச்சர்ட் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"பெரிசுதான் அம்மா" என்றாள் நடாஷா. "நல்ல பெரிசு."

ஜோசப்பின் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இனி உள்ள அளவைச் சொல்லு, பிள்ளை" என்றாள். சொல்லும்போதே, அந்த அளவைத் தன்னால் தாங்க முடியுமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.