எஞ்சின் அணைந்த இறக்கம்

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டிருக்கிறீர்களா? எங்கள் மலைநகரமான தாயிஸில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். போரில் நகரம் முற்றுகையில் கிடந்தபோது பெட்ரோல் கள்ளச்சந்தைக்குப் போனது. அன்று தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. ஸபிர் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதையில், எஞ்சின் தாங்க வேண்டிய பாரத்தையும் பிரேக்கே சுமக்கிறது.

ஸல்லாம் நுஃமான் இந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவர். எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சம்பளம் நின்றுபோன பிறகு, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஆளேற்றிப் பிழைத்தார். காலையில் அவர் ஓட்டுவார். மதியத்துக்கு மேல் அவர் மனைவி கபூலின் தம்பி நாஜி.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஓய்வு. மலைமேலிருக்கும் தன் வீட்டின் முன்னறையில் கோணியை விரித்து இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிடுவார். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊத மாட்டார். அது நுரையீரலுக்கு ஆகாது என்று ஈரத்துணியால் துடைப்பார். சூடேறிக் கண்ணாடிபோல் மின்னும் பிரேக் கட்டைகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவார். கேபிளின் தொய்வை நீக்குவார்.

அந்த வெள்ளிக்கிழமை கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் ரொட்டியின் பொருக்கு அளவுக்குத் தேய்ந்திருந்தது. முந்தைய நாள் சந்தையில் வாங்கிய புதியவற்றை எடுத்து நகத்தால் கீறினார். மாவாக உதிர்ந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அச்சில் அழுத்திய சரக்கு. நல்லது தேடி நகரத்துக்கு நடந்தே போகிறேன், நான் வரும்வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்றார்.

நாஜி சிரித்தான். "பள்ளிக்கூடத்தை மூடி எட்டு வருஷமாச்சு மச்சான். உங்க பாடம்தான் இன்னும் முடியல."

"சிரிடா. இதை மாட்டிக்கிட்டு எஞ்சினை அணைச்சா, ரெண்டாவது வளைவைத் தாண்டினா பிரேக் பிடிக்காது. சத்தியமாச் சொல்றேன்."

அவர் போன சிறிது நேரத்தில் போதைக்கு மெல்லும் காத் இலையைப் பயிரிடும் தோட்டக்காரர் வந்தார். பறித்த இலைக்கட்டுகள் மதியத்துக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் வாடிவிடும். வாடிய காத்தை எவன் மெல்லுவான்? வழக்கமாக ஏற்றிப்போகிறவன் வரவில்லையாம். வீட்டில் மாவு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கபூல் தடுத்தாள். ஒரே நடைதானே அக்கா என்று சொல்லிவிட்டு நாஜி உதிரும் கட்டைகளையே மாட்டினான். இறக்கம் தொடங்கியதும், எல்லோரையும்போல எஞ்சினை அணைத்தான்.

நகரத்தில் ஏழு கடைகளிலும் அதே சரக்கு. ஸல்லாம் வெறுங்கையோடு மலையேறி வந்தார். மூன்றாவது வளைவில் கூட்டம் நின்றது. பாதை முழுக்கப் பச்சை இலை. கீழே பாறையிடுக்கில் நாஜி கிடந்தான், உயிர் இல்லை. டிரம்மைத் திறந்து பார்த்தார். லைனிங் கருகிப் பிய்ந்திருந்தது.

துக்கவீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கபூலின் மாமா அதைச் சத்தமாகவே சொன்னார்: "அல்லாஹ் எழுதினதை யாரால மாத்த முடியும்?"

ஸல்லாம் சட்டைப்பையிலிருந்து கருகிய கட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "மரத்தூளை ஒட்டி வித்தவன் செஞ்சது இது மாமா. அவன் குத்தத்தை ஏன் அல்லாஹ் மேல ஏத்துறீங்க?"

யாரோ அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் கணக்காகப் பேசுகிறவனுக்குக் கிடைக்கும் பட்டம் அது. அந்தக் கட்டைகளை விற்ற கடைக்காரரும் துக்கத்துக்கு வந்திருந்தார். நன்றாக அழுதார்.

பத்து நாள் கழித்து ஸல்லாம் வண்டியின் வளைந்த முன்கவட்டை நிமிர்த்தினார். தேய்ந்த பழைய கட்டைகளையே மறுபடி தேய்த்துப் பூட்டினார். இறக்கத்தில் எஞ்சினை அணைக்க மாட்டேன் என்று கபூலுக்கு வாக்குக் கொடுத்தார். நான்காம் நாள் அவர் என்னைக் கடந்து மலையிறங்கினார். பின்னால் ஒரு கிழவரும் மாவு மூட்டையும். வண்டியிலிருந்து எஞ்சின் சத்தமே இல்லை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேறென்ன செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை.

உங்கள் ஊரிலும் ஒருவன் இப்படிச் செத்து, துக்கவீட்டில் எல்லோரும் விதி என்று சொன்னால், தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். அவனுக்கு அதை விற்றவன் யார் என்று, எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள்.