இரண்டு லேப்டாப், ஒரு ரேஸ்

ஸ்ரீபெரும்புதூர் கடையில், இரண்டு கேமிங் லேப்டாப்களில் எதை வாங்குவதென்று ஒரு மணி நேரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஒன்றில் வேகம் அதிகம், மற்றதில் திரை அருமை. பக்கத்தில் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்த ஒரு அக்கா. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவராம். அவருக்கும் அதே குழப்பம். எதையும் தொடும் முன் விரல்களை நெட்டி முறித்துக்கொள்வார்.

“தம்பி, ஆளுக்கு ஒண்ணுல கார் ரேஸ் ஓட்டுவோம். ஜெயிக்கிறதுதான் நல்ல மெஷின்” என்றார்.

அவர் ஜெயித்தார். மெஷினை மாற்றிக்கொண்டோம். மறுபடியும் அவரே! கடைக்காரர் விசிலடித்தார்.

“இப்ப எது நல்லதுக்கா?” என்றேன்.

“ரெண்டுமே சூப்பராத்தான் கீது. நீதான் பிரேக்கை வுடவே மாட்டேங்கற!”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சட்டென்று ஒன்றைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு போனார். நானும் அதையே வாங்கினேன். அவர் ஏன் அதை எடுத்தார் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.