என் சகலை போர்த்திக்கொள்ளாத பொன்னாடை

சாயப்பட்டறையில் அரக்குச் சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நூலை விட்டு நகர்ந்தால் பட்டு திட்டுத் திட்டாகிவிடும். பள்ளிக்கூடத்து பியூன் சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். "ஹெட்மாஸ்டர் ஐயா தவறிட்டாருங்க. காலை ஜெபம் முடிஞ்சி நாற்காலியில உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாருங்க" என்றார். என் கையிலிருந்த நூல் முழுசாகத் தொட்டிக்குள் விழுந்தது. காஞ்சிபுரத்தில் என் கையால் வீணாய்ப் போன நூல் அது ஒன்றுதான் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் ஜீவரத்தினம் எனக்குச் சகலை. நான் மூத்த மாப்பிள்ளை, அவர் இளைய மாப்பிள்ளை. நேரில் 'வாப்பா போப்பா' என்று பேசியவன்தான். எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் சர்ச் சபை மலரில் அவரைப் பற்றி எழுத பி.ஏ., எம்.ஏ. எல்லாம் வரிசையில் நின்றார்கள். நான் படித்தது எட்டாவது. அந்தக் காலத்து எட்டாவது, இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். அது போகட்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவனைவிட அவரை நன்றாகத் தெரிந்தவன் வேறு யார் இருக்க முடியும்?

பொறாமை தொடங்கியது ஓர் ஈசிசேரில். எங்கள் மாமனார் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்காடு நவாபே வந்தாலும் அந்த ஈசிசேரை விட்டு எழுந்திருக்க மாட்டார். மூத்த மாப்பிள்ளை நான் போனால், "வாங்க மாப்ளே, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க" என்பார். கல்யாணமான புதிதில் ஜீவரத்தினம் வந்தார். மாமனார் எழுந்து நின்று சேரைக் கையால் தட்டிக் காட்டினார். இவராவது உட்கார்ந்து தொலைத்தாரா என்றால் அதுவும் இல்லை. "அண்ணா, நீங்க உக்காருங்க" என்று என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். அன்று முழுவதும் முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு மறுபடி படிக்கப் போகிறேன் என்று மெட்ராஸுக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடக் கமிட்டிதான் அனுப்பியது. பள்ளிக்கூடத்தை எப்படித் தலைமை தாங்கி நடத்துவது, பாடத்திட்டம் எப்படிப் போடுவது, அதையெல்லாம் கிறிஸ்தவ நோக்கில் எப்படிப் பார்ப்பது என்று ஒரு மேல்படிப்பு. இப்படியும் ஒரு படிப்பா என்று நான் சிரித்தேன். "பெரம்பை எந்தக் கையில பிடிக்கிறதுன்னு ரெண்டு வருஷம் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டேன்.

"பெரம்பை எங்க வெச்சிட்டு வரணும்னு சொல்லித் தருவாங்க அண்ணா" என்றார்.

அந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புவார். அவர் குடும்பத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தேன். ஆனால் தெருவில் யாரைப் பார்த்தாலும், "உங்க சகலை எப்ப வர்றாரு?" என்றுதான் கேட்டார்கள். நான் இங்கேயே இருக்கிறேனே, என்னை யாரும் எப்ப வந்தீங்க என்று கேட்டதில்லை.

படித்து முடித்து வந்ததும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிகத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். வருஷக் கடைசியில் கமிட்டி பார்த்துப் பதவியை உறுதி செய்யும். இல்லையென்றால் பழையபடி வகுப்பு வாத்தியார், வெளியூரிலிருந்து வேறொருவர் வருவார். அப்படிக் கத்திமேல் நிற்கிறவர் வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? காலங்காலமாக முதல் மணியில் இருந்த வேதபாடத்தைத் தூக்கிக் கடைசி மணியில் போட்டார்.

காரணம் கேட்டால் இதுதான். நெசவுத் தெருப் பிள்ளைகள் விடியற்காலையில் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட அப்பா அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் பள்ளிக்கூடம் வருவார்கள். முதல் மணி அவர்களுக்குக் கிடைக்காது, அடிதான் கிடைக்கும். பாதிப் பேர் ஐந்தாவதோடு நின்றுபோவார்கள். இவர் அடியை நிறுத்திவிட்டு, முதல் மணியைப் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் விட்டு, முக்கியமான பாடங்களையெல்லாம் பின்னால் தள்ளினார். "கடைசியா வர்ற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அண்ணா மணி அடிக்கணும். நான் அங்க படிச்சது அவ்வளவுதான்" என்றார். இதைப் படிக்க இரண்டு வருஷமா என்று எனக்குத் தோன்றியது. இதை நான் ஏன் சொல்லவில்லை என்றும் தோன்றியது.

கமிட்டி கொதித்தது. கமிட்டியில் எட்டாவது படித்தவன் நான் ஒருவன்தான், ஆனால் சத்தம் என்னுடையதுதான் பெரியது. தலைவராக இருந்த போதகர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. "கடைசி மணியில் பிள்ளைகள் உட்கார்ந்து வேதம் படிக்கிறார்களா என்று நேரில் பார்ப்போம். பெஞ்சு காலியாக இருந்தால் இவரை எடுத்துவிடுவோம்" என்று சொல்லி, கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்தார். அது பெருமாள் கோயில் கருட சேவை நாள்.

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்கள் நாலு பேர் கமிட்டியில் இருந்தோம். அன்றைக்கு ஊரில் எந்த வகுப்பிலும் குருவிகூட உட்காராது என்று எங்களுக்குத் தெரியாதா? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது.

ஆனால் வீட்டில் என் மனைவி என்னை விடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஜீவரத்தினத்திடம் போய், "நாளைக்குப் பெஞ்சு காலிப்பா. போதகர்கிட்ட சொல்லி தேதியை மாத்திக்கோ" என்றேன்.

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "பிள்ளைங்க கூட்டத்துலதான் இருப்பாங்க. கூட்டம் நம்ம வாசல் வழியாத்தான் போவுது. வகுப்பை வாசலுக்குக் கொண்டு போயிட்டா சரியாப்போச்சு. அண்ணா, பட்டறையில சாயம் படாத பானை இருக்குதா?" என்றார்.

காஞ்சிபுரத்தில் என்னிடம் இல்லாத பானையா? வண்டி வண்டியாக அனுப்பினேன். மூன்று பானை என்று என் மனைவி சொல்வாள். அவளுக்குக் கணக்கு வராது.

மறுநாள் மூன்று மணிக்குக் கமிட்டி வந்தது. முன்வாசலில் கூட்டம் நெரித்ததால் கோயில் பக்கத்துச் சின்னக் கேட் வழியாக நுழைந்தோம், நம்முடைய சர்ச்சுக் கோயில். ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தோம். பெஞ்சு மட்டும்தான் இருந்தது. போதகர் என்னைப் பார்த்தார். நான் வருத்தமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன், உள்ளே சர்க்கரைப் பொங்கல்.

அப்போது முன்பக்கத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சாமி பார்த்துவிட்டு வெயிலில் திரும்புகிற ஜனங்கள், கூரம், திருப்புட்குழி, வாலாஜாபாத் என்று எல்லா ஊர்க்காரர்களும், நம் பள்ளிக்கூட வாசலில் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும். என் பானைகளுக்குப் பின்னால் நம் பிள்ளைகள், நெசவுத் தெருப் பிள்ளைகள் உட்பட. வரிசையாக நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறைக்கும் முனியம்மா கிணற்றுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர்.

போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுதான் வேத வகுப்பா? கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் உம்மைப் படிக்க அனுப்பினோமா?" என்றார்.

ஜீவரத்தினம் குடத்தை இறக்கி வைத்தார். "தாகமா வர்றவங்களை, நீ எங்க போயிட்டு வர்றேன்னு கேட்டுட்டு ஊத்துன்னு எனக்கு அங்க யாரும் சொல்லித் தரலீங்க ஐயா."

போதகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் துண்டைத் தலையில் போட்டிருந்த கூரத்து விவசாயி ஒருவர், வெள்ளை அங்கியைப் பார்த்து இவர்தான் தண்ணீர்ப் பந்தலுக்குப் பெரியவர் என்று நினைத்து, இரண்டு கையையும் குவித்து அவர் முன்னால் நீட்டி, "ஊத்துங்கப்பா, நாக்கு ஒட்டிக்கினு கீது" என்றார். போதகர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பெண்பிள்ளையிடமிருந்து சொம்பை வாங்கினார். கூட்டம் கலையும்வரை அவர் அந்தச் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

மறுவாரமே பதவி உறுதியானது. ஊரெல்லாம் 'ஹெட்மாஸ்டர் பந்தல்' என்று பேச்சு. பானை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு என் தறியில் நெய்த பட்டுப் பொன்னாடை ஒன்று கொண்டுபோனேன், இரட்டைச் சரிகை. மேடையில் போர்த்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதை எடுத்து மடித்து, மேடையை விட்டு இறங்கி, பின்வரிசையில் நின்ற முனியம்மாவின் தோளில் போட்டுவிட்டார். "அன்னிக்கு அதிகமா ஓடினவங்க அவங்கதான்" என்று மைக்கில் சொன்னார். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் நான் போர்த்துவேன், அவர் இறங்கிப் போய் யாருக்காவது போடுவார். ஒரு வருஷம் பெஞ்சு ரிப்பேர் செய்த ஆசாரிக்கு, ஒரு வருஷம் பியூனுக்கு. காஞ்சிபுரத்தில் இத்தனை பொன்னாடை கொடுத்தவனும் நான்தான், தன் தோளில் ஒன்றுகூட ஏறாதவனும் நான்தான். நெசவுத் தெருப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எட்டாவதைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போனார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் அவரை எடுத்த அன்று, பெட்டி, குழி, தந்தி, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். முழங்கை வரை ஏறியிருந்த சிவப்பைக் கழுவக்கூட நேரமில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் பீரோவிலிருந்த பொன்னாடைகளில் ஆக நல்லதை எடுத்துக்கொண்டு போய் அவர்மேல் போர்த்தினேன். இந்த ஒரு தடவை இறங்கிப் போய் யாருக்கும் கொடுக்க முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் மனைவி, என் மைத்துனி கிரேஸ், பெட்டியருகில் அழுதுகொண்டிருந்தவள், எழுந்து அதை எடுத்தாள். நிதானமாக மடித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் நேராக என்னிடம் வந்து என் தோளில் போட்டாள்.

"இன்னிக்கு அதிகமா ஓடினது நீங்கதான் மாமா. அவரு இருந்தா உங்களுக்குத்தான் போட்டிருப்பாரு."

என் சரக்கு, என் சரிகை, என் தோளிலேயே. அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். நான் அதைப் போர்த்திக்கொண்டே அவரைச் சுமந்து போனேன். படுத்த இடத்திலிருந்தும் என்னை ஜெயித்துவிட்டுப் போகிறாரே என்று வழியெல்லாம் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

போய் வாப்பா ஜீவரத்தினம். அங்கேயும் உனக்காக யாராவது சேரை விட்டு எழுந்து நிற்பார்கள். வழக்கம்போல நீ உட்காரப் போவதில்லை. எனக்காக வைத்திரு.