ரேடியோவில் வந்த அலமேலுவின் மகன்

நனைந்த கம்பளியின் வாடை... பனியும் தேயிலைச் சாயமும் கலந்த அந்த வாடை அறைக்குள் வந்தால், ஞாயிறு பின்னேரம் நாலு மணி ஆகப்போகிறது என்று அர்த்தம்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. சனி ஞாயிறுகளில் பேச ஒருவரும் இல்லை. மூடுபனி யன்னல் வரை வந்து நிற்கும்... கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகள் அழுவது மட்டும் கேட்கும். சில நாட்களில், என் குரல் எனக்கே மறந்துவிடும் என்ற பயத்தில் பாடப் புத்தகத்தை உரத்து வாசிப்பேன்.

துணைக்கு அண்ணா வாங்கித் தந்த பாட்டரி ரேடியோ இருந்தது. ஞாயிறு நாலு மணிக்கு அதில் ஒரு பொது அறிவுப் போட்டி. வென்றவர் அடுத்த வாரமும் வரலாம். தோற்றால் அத்தோடு சரி. போட்டியாளர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி, யார் எப்படிப் பதில் சொன்னார் என்று குறித்து வைப்பேன். முகம் தெரியாத அவர்கள்தான் அப்போது என் சிநேகிதர்கள்.

ஒரு ஞாயிறு, கொழுந்தெடுக்கும் அலமேலு அம்மா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எம் மவன் இன்னைக்கு ரேடியோவுல பேசுறானாம். லாரிக்காரரு சொன்னாரு. ஒருக்கா கேட்டுட்டுப் போயிர்றேன்."

"உள்ளுக்கு வாங்கோ அம்மா, கதிரையில இருங்கோ."

கதிரையில் உட்காரவில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மகன் பெயர் மாரிமுத்து. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய மாட்டேன், வேறு வேலைதான் பார்ப்பேன் என்று தகப்பனோடு சண்டை பிடித்து, இரண்டு வருடத்துக்கு முன் போனவன். பதுளையில் ஒரு புத்தகக் கடையில் வேலை. தகப்பன் இறந்தபோதுகூட வரவில்லை.

நிகழ்ச்சி நடத்துபவர் வழக்கம்போல விசாரித்தார்.

"அம்மா, அப்பா எல்லாம் எங்கே இருக்கிறார்கள்?"

"எனக்கு யாரும் இல்லைங்க."

சத்தத்தைக் குறைக்கப் போனேன். அலமேலு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டீச்சரம்மா... பேசட்டும்."

அன்று அவன் வென்றான். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வென்றான்.

அலமேலு அம்மாவுக்குக் கேள்விகள் விளங்காது. அவன் பதில் சொன்னவுடன் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். ஆனால் எனக்குக் கேட்காததெல்லாம் அவருக்குக் கேட்டது. "சளி புடிச்சிருக்கு அவனுக்கு" என்பார். "சாப்புடாம வந்திருக்கான், கொரல் இறங்கிக் கெடக்கு" என்பார். வரும்போது சேலைத் தலைப்பில் சுற்றி ரொட்டி கொண்டுவருவார். போட்டி முடிந்த பிறகும் இருந்து கதைப்பார். திங்கட்கிழமையே நான் அடுத்த ஞாயிறை எண்ணத் தொடங்கிவிடுவேன்...

நாலாவது வாரம். வெள்ளிக் கிரகத்துக்கு எத்தனை சந்திரன்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும்... வாய்விட்டுச் சொன்னேன். அவன் நெடுநேரம் யோசித்து, "ரெண்டுங்க" என்றான்.

பிழை என்று மணி அடிக்கும் முன்பே அதை என் முகத்தில் அவர் பார்த்துவிட்டார்.

"அடுத்த கெழம வருவானா?"

"இல்லை அம்மா... தோத்தவை திரும்ப வரேலாது."

கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "நாலு வாரம் கொரலாச்சும் கெடச்சிச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது?

அன்றே, ரேடியோவில் அவன் சொன்ன புத்தகக் கடையின் பெயருக்கு அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'உங்கள் அம்மா நாலு ஞாயிறும் என் அறையில் இருந்து நீங்கள் பேசியதைக் கேட்டார்.' அவ்வளவுதான். வேறு எதை எழுதினாலும் கோபமாக வந்தது.

மூன்று வாரம் கழித்து வாசலில் குடையோடு மெலிந்த ஒரு பையன்.

"டீச்சர்... முதல் வாரமும் கேட்டாங்களா?"

"கேட்டவ."

குடையை மடக்கவும் தோன்றாமல் நின்றான்.

"தோட்டத்து ஆளுன்னு சொல்ல வாய் வரல டீச்சர். கடையில யாருக்கும் தெரியாது. அப்பா செத்ததே ஒரு மாசம் கழிச்சுத்தான் கேள்விப்பட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"இப்ப வந்திட்டீங்கள்தானே. போங்கோ."

லயத்துக்கு இறங்கிப் போனான். நான் கூடப் போகவில்லை. என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாதக் கடைசியில் பதுளையில் ஓர் அறை எடுத்து, தாயைக் கூட்டிப் போய்விட்டான்.

புறப்படும் அன்று அலமேலு அம்மா புதுச் சேலையில் வந்தார்.

"பதுளைக்கு வந்தா கட்டாயம் வீட்டுக்கு வரணும் டீச்சரம்மா."

"வருவன் அம்மா."

நிறையச் சிரித்து வழியனுப்பினேன். லாரி வளைவில் மறைந்த பிறகு பள்ளிக்கூடப் படியில் இருந்து அழுதேன். அவருக்கு நல்லது நடந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டே அழுதேன்... அந்த மலையில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷியை என் கடிதமே அனுப்பிவைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு யாரோ ஒருவர் வென்றார். அவர் பெயரை நான் எழுதவில்லை.

ஆறு மாதத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. பதுளையில் ரயில் ஏறும் அவசரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போகாமலேயே வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது கனடாவில், பதினோராம் மாடியில் இருக்கிறேன். குரலுக்குப் பஞ்சமே இல்லை. போனில் விரலால் தொட்டால் பிள்ளைகள் முகத்தோடு வருவார்கள். போன ஞாயிறும் மகனுக்கு எடுத்தேன். 'மீட்டிங்கில இருக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்' என்று மெசேஜ் வந்தது. பாவம், அவனுக்கும் வேலை...

டீவியைப் போட்டேன். ஏதோ ஒரு க்விஸ். யாரோ பெற்ற பிள்ளை, பயந்த முகத்தோடு பதில் யோசித்துக்கொண்டிருந்தது. அது எந்த ஊர் என்றும் தெரியாது, பெயரும் தெரியாது... இந்த வாரம் மட்டும் தோற்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இருந்தேன்.