காலை பத்து மணிக் கூட்டம்

தர மதிப்பீட்டுக் குழு பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முந்தைய வாரம், எங்கள் துறையில் மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளை எழுதி முடித்தோம். உண்மையில் எங்கள் கூட்டங்கள் தேநீர் வேளையில் நாங்கள் கதைத்து முடித்தவை. குழுவுக்கோ ஒவ்வொன்றுக்கும் திகதியும் கையெழுத்தும் உள்ள தாள் வேண்டும். துறைத்தலைவர் நாட்காட்டியைப் பார்த்து, விடுமுறை இல்லாத நாட்களைத் தெரிவு செய்தார். நாங்கள் பேனைகளை மாற்றி மாற்றி ஒப்பமிட்டோம்.

ஒரு தாளில் என் கை நின்றது. அதில் இருந்த திகதியில் காலை பத்து மணிக்கு நாங்கள் எல்லாரும் பொரளை மயானத்தில் நின்றோம். பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த கொட்டாஞ்சேனை நண்பரை அன்றுதான் புதைத்தோம்.

“மெடம், இது அவரின்ர செத்தவீட்டு நாள்.”

துறைத்தலைவர் தாளைப் பார்த்தார். “ஐயோ, ஓம். ஆனா ஃபைல் முழுக்க நம்பர் போட்டாச்சு. வாறவைக்கு என்ன தெரியும்? சைன் பண்ணுங்கோ.”

ஒப்பமிட்டேன். குழு எங்கள் ஆவணங்களைப் பாராட்டிவிட்டுப் போனது. அந்தக் கோப்பின்படி, அவரைப் புதைத்த அன்று காலை பத்து மணிக்கு நான் விடைத்தாள் திருத்துவது பற்றி இரண்டு யோசனைகள் சொல்லியிருக்கிறேன்.